ஓடுறது நாங்க, எழுதுறது யாரு? பெண்கள் விளையாட்டும் பத்திரிகைப் பக்கமும்

விளையாட்டுப் பக்கத்தை நம்மில் யாரும் விமர்சனத்துக்குரிய பிரதியாக எடுத்துக்கொண்டதில்லை. தலையங்கத்தைக் கட்டுடைக்கிறோம். சிறுகதைக்குள் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறோம். ஒரு சினிமாவை மூன்று இதழ்களுக்கு விவாதிக்கிறோம். விளையாட்டுப் பக்கம் மட்டும் டீக்கடை பெஞ்சில் கைமாறிக் கிழிந்து, கடைசியில் வடை மடிக்கப் போய்விடுகிறது. ஆனால் தோழர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு தலித் பெண்ணின் பெயர், அவள் கொல்லப்படாமலும் வன்முறைக்கு ஆளாகாமலும் பத்திரிகையில் அச்சாகக் கூடிய இடம் அநேகமாக அந்தப் பக்கம் ஒன்றுதான். அதை யார் எழுதுகிறார்கள், என்ன வார்த்தை போட்டு எழுதுகிறார்கள், அதை மட்டுமே எழுதி ஒருத்தி வாழ்க்கை நடத்த முடியுமா என்பவை இலக்கியக் கேள்விகள், அரசியல் கேள்விகளும்தான்.

நான் இருப்பது காரைக்குடியில். எங்கள் வட்டாரப் பதிப்பின் ஒரு வருசத்து விளையாட்டுச் செய்திகளை வெட்டி அடுக்கினால் ஒரு சித்திரம் கிடைக்கும். தை மாசம் சிராவயல் மஞ்சுவிரட்டு. மாடு, மாட்டுக்காரர் ஊர், பிடித்த வீரர், காயம்பட்டோர் கணக்கு, மேடையில் இருந்த பிரமுகர் என எல்லாம் படத்தோடு வரும். மாட்டுக்கே பெயர் உண்டு. அப்புறம் வருசம் முழுக்கக் கிரிக்கெட். பெண்பிள்ளைகள் வருவது கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழுப்படத்தில். நடுவில் தலைமையாசிரியர், பக்கத்தில் புரவலர், பின்வரிசையில் பிள்ளைகள். படத்துக்குக் கீழே பரிசு கொடுத்தவர் பெயர் பட்டத்தோடு இருக்கும். பரிசு வாங்கியவர்கள் ‘மாணவிகள்’. அவ்வளவுதான். அழகப்பாவில் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிற ஊர் இது. விடிகாலையில் மைதானத்துப் பக்கம் போனால் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் புள்ளைக மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஓட்டத்துக்கும் மறுநாள் பேப்பருக்கும் இடையே ஒரு வாசல் இருக்கிறது. அது யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதே என் விசயம்.

1

பெண் விளையாட்டுப் பத்திரிகையாளர் என்று ஒரு வாழ்க்கை இருக்க முடியும் என்பதே உலகில் சண்டை போட்டு நிறுவப்பட்ட சங்கதி. மூன்று பேரைச் சொல்கிறேன்.

மேரி கார்பர் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் நகரத்து வெள்ளைக்காரப் பெண். 1940இல் பத்திரிகையில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்டது கல்யாணம், விருந்து எழுதும் சமூகப் பக்கம். 1944இல் ஆண்களெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் விளையாட்டுப் பக்கம் அவர் கைக்கு வந்தது. யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. நிருபர் மாடத்தில் இடம் தராமல் அவரை வீரர்களின் மனைவிமார் உட்காரும் பகுதியில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்தே எழுதினார். அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர்களின் ரெட் ஸ்மித் விருது 2005இல் அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண் அவர். 2008இல் இறந்தார். இதையெல்லாம் விட நமக்கு முக்கியம் வேறொன்று. நிறப்பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில், வெள்ளைப் பத்திரிகைகள் ஏறிட்டும் பாராத கறுப்பர் பள்ளி மைதானங்களுக்குப் போய் அந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தையும் பெயரையும் எழுதியவர் கார்பர்.

அடுத்து மெலிசா லட்கி. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் நிருபர். 1977 உலகத் தொடர் பேஸ்பால் போட்டியின்போது வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் போய்ப் பேட்டி எடுக்க அவருக்கு அனுமதி மறுத்தார்கள். ஆண் நிருபர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார்கள். இவர் வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். வழக்குப் போனது. 1978 செப்டம்பரில் தீர்ப்பு: பெண் என்பதற்காக வெளியே நிறுத்துவது சமத்துவ உரிமைக்கு எதிரானது. தீர்ப்பு எழுதிய நீதிபதியின் பெயரை நாம் மறக்கக் கூடாது. கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண். பள்ளிக்கூடங்களில் நிறப்பிரிவினையை உடைத்த வழக்குகளில் உழைத்த வழக்கறிஞர். பத்திரிகைக்காரிகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது ஒரு கறுப்பின மனுசியின் கை. கண்டதேவித் தேர்வடத்தைத் தொடுவதற்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்த வட்டாரத்தில் இருக்கிற எனக்கு, கதவு வெளியே நின்றவர் தீர்ப்பெழுதும் நாற்காலிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

மூன்றாவது, நம் நாட்டு சாரதா உக்ரா. 1989இல் மும்பையில் மிட்-டே பத்திரிகையில் தொடங்கியவர். பிறகு தி இந்து, இந்தியா டுடே, ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ. முப்பது வருசத்துக்கும் மேலான எழுத்து. நிருபர் மாடத்தில் பெண் என்றால் ஆச்சரியமாகப் பார்த்த காலத்தில் நுழைந்து, வெறும் ஸ்கோர் எழுதாமல் விளையாட்டை நிர்வகிப்பவர்களின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டு எழுதுபவர். இந்தியாவில் இந்த வேலையைப் பெண் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அவர் பதிலாகவே வாழ்ந்து காட்டினார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த வாழ்க்கையின் பாதையைப் பாருங்கள். நெடுக ஆண்கள் கிரிக்கெட். அவர் இணைந்து எழுதிய நூல்கள்கூட இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ஜான் ரைட்டுடையது (2006), பிறகு யுவராஜ் சிங்குடையது. இது அவருடைய ரசனைக் கோளாறு என்று யாராவது சொன்னால் அது அபத்தம். சம்பளம் அங்கேதான் இருக்கிறது, பக்கம் அங்கேதான் இருக்கிறது. ஆண்கள் விளையாட்டை எழுதிப் பெண் ஒருத்தி பேர் வாங்கலாம். பெண்கள் விளையாட்டை மட்டும் எழுதி ஆணோ பெண்ணோ யாரும் இங்கே வீட்டு வாடகை கட்ட முடியாது.

2

பத்திரிகைத் தொழிலில் ‘பீட்’ என்பார்கள். போலீஸ் பீட், கோர்ட் பீட், சட்டசபை பீட். தினமும் ஒரே இடத்துக்குப் போய், ஆட்களைப் பழகி, செய்தி இல்லாத நாளிலும் அங்கே இருப்பது. அப்படி இருப்பவருக்குத்தான் செய்தி வரும் நாளில் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். பெண்கள் விளையாட்டுக்கு இங்கே பீட் கிடையாது. ஆகையால் அதற்கு நினைவும் கிடையாது. பதக்கம் வாங்கும் நாளில் ஓடி வருவார்கள். இழவு விழும் நாளில் ஓடி வருவார்கள். நடுவில் உள்ள நாலு வருசத்தில் அந்தப் பெண் எங்கே ஓடினாள், என்ன சாப்பிட்டாள், எந்த அதிகாரி என்ன சொல்லி மிரட்டினான் என்பது எவருக்கும் தெரியாது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்திகளை முப்பது வருசம் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு உண்டு. 1989இல் பெண்கள் விளையாட்டுக்குக் கிடைத்த நேரம் 5 சதவீதம். 2019இல் 5.4 சதவீதம். இடையில் எத்தனை சாம்பியன்கள் வந்தார்கள், எத்தனை ஒலிம்பிக்ஸ் நடந்தது! நேரம் மட்டும் அசையவில்லை. இங்கே 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென் ஆப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பை வாங்கியபோது முதல் பக்கம் முழுக்க அவர்கள் முகம்தான். சந்தோசம். ஆனால் கொண்டாட்டம் பீட் ஆகிவிடாது. கோப்பை வராத வருசத்தில் அந்தப் பக்கம் யாருக்குப் போகிறது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொண்ணு சில வருசம் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தாள். சேரிப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள். மாதச் சம்பளம் இல்லை. அச்சான செய்திக்குத்தான் கணக்கு. பஸ் காசும் போட்டோ எடுக்கிற காசும் கைச்செலவு. அவளிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

“அக்கா, பொம்பளப் புள்ளைக கபடி மேட்ச முழுசா உக்காந்து பாத்தேன். யாரு ரைடு போனா, யாரு கால வாரிப் புடிச்சான்னு அம்புட்டும் எழுதிக் குடுத்தேன். மறுநாளு பேப்பர எடுத்துப் பாத்தா துவக்கி வச்சவரு பேரு, முன்னிலை வகிச்சவரு பேரு, நன்றி சொன்னவரு பேரு. புள்ளைக பேரு ஒண்ணு கூட இல்லக்கா. அந்தப் புள்ளைக எங்கிட்ட வந்து ‘எங்க பேரு எங்கக்கா’ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

மேசைக்கு மேலே உட்கார்ந்து செய்தியைத் திருத்துகிற உதவி ஆசிரியருக்கு அவள் எழுதியதில் எது செய்தி என்று ஏற்கனவே தெரிந்திருக்கிறது. மேடைதான் செய்தி, மைதானம் இல்லை. விளம்பரம் தருபவர் மேடையில் இருக்கிறார். கடைசியில் அந்தப் பொண்ணு விட்டுவிட்டாள். இப்போது துணிக்கடையில் நிற்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். மேரி கார்பருக்கு மனைவிமார் பகுதியிலாவது ஒரு நாற்காலி கிடைத்தது. இவளுக்குக் கிடைத்தது வரிக்கணக்கு. பெண் விளையாட்டுப் பத்திரிகையாளரின் தொழில்வாழ்க்கை என்று பேசும்போது, தொடங்கிய இடத்திலேயே முடிந்துபோன இந்த வாழ்க்கைகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். வெற்றி பெற்றவர்களின் வரலாறு மட்டும் வரலாறு ஆகாது.

3

யார் எழுதினால் என்ன, செய்தி செய்திதானே என்பவர்களுக்காக ஒரு வழக்கை விரிவாக எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் போனால் புதுக்கோட்டை ஒரு மணி நேரப் பயணம். அந்த மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் 1981இல் செங்கல் சூளைத் தொழிலாளிகளுக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். தலித் பெண். அவருடைய தாத்தா ஓடத் தெரிந்தவர். பேத்திக்கு மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 2005இல் தென் கொரியாவின் இன்சியானில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பர் 9ஆம் தேதி தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் 2 நிமிடம் 3.16 விநாடியில் வெள்ளி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை 0.03 விநாடியில் முந்தினார். சூளையில் கல் அறுத்த குடும்பம் ஆசியாவின் மேடையில் ஏறிய நாள் அது.

சில நாட்களில் எல்லாம் தலைகீழானது. பாலினச் சோதனையில் தோற்றார் என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். தன்னைப் பற்றிய அந்தச் செய்தியை அவர் அறிந்தது தொலைக்காட்சி வழியாக. ஒரு மனுசியின் உடம்பைப் பற்றிய மருத்துவ ரகசியம் அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அந்த நாட்களின் எழுத்தை ஒரு பிரதியாக வாசித்தால் அதில் மூன்று கதைகள் மட்டுமே இருப்பது தெரியும். முதலில் ஏழ்மைக் கதை: குடிசை, கூழ், வெறுங்கால். பிறகு பதக்கக் கதை: மண்ணின் மகள், தமிழகத்தின் பெருமை. பிறகு அம்பலக் கதை: ஆணா பெண்ணா. மூன்றிலும் சாந்தி பேசப்படுகிறார், பேசுவதில்லை. ஏழ்மைக் கதையில் அவருடைய உழைப்பு மறைகிறது. பதக்கக் கதையில் அவருடைய சாதி மறைகிறது. அம்பலக் கதையில் அவரே மறைந்து உடம்பு மட்டும் மிஞ்சுகிறது. தலித் பெண்ணின் உடம்பை ஊர்ப்பொதுச் சொத்தாகப் பார்க்கிற அதே பழைய கண்தான் இது. நிருபர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

கேட்கப்படாத கேள்விகளைப் பாருங்கள். எல்லாப் பெண்களுக்கும் கட்டாயச் சோதனை என்ற முறையை உலகத் தடகள அமைப்பு 1992இலேயே கைவிட்டது. ஒலிம்பிக் கமிட்டி 1999இல் கைவிட்டது. அப்புறம் எஞ்சியிருந்தது ‘சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்’ என்பது. சந்தேகம் யாருக்கு வந்தது? எதைப் பார்த்து வந்தது? கறுத்த நிறம், தட்டை மார்பு, சூளையில் இறுகிய தோள் எல்லாம் சந்தேகத்துக்குக் காரணமாகிற உலகத்தில் யார்மேல் சந்தேகம் விழும் என்று சொல்லவும் வேண்டுமா? அடுத்தது, மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ. ஸ்பெயின் தேசத்துத் தடைதாண்டும் ஓட்டக்காரி. 1985இல் ஜப்பானின் கோபேயில் இதே மாதிரிச் சோதனையில் நிறுத்தப்பட்டார். 1986இல் அவரையும் பத்திரிகைகள் சந்திக்கு இழுத்தன. காதலன் போனான், உதவித்தொகை போனது. அவர் விடாமல் போராடி 1988இல் மறுபடி ஓடும் உரிமையை வாங்கினார். சாந்திக்கு நடந்ததற்குப் பதினெட்டு வருசத்துக்கு முந்திய முன்னுதாரணம் இது. தடகள பீட்டில் ஒரு நிருபர் நிரந்தரமாக இருந்திருந்தால் அடுத்த நாள் காலையிலேயே எழுதியிருக்கலாம்: ‘இதற்கு மேல்முறையீடு உண்டு, இப்படி ஒருத்தி ஜெயித்திருக்கிறாள், இந்திய ஒலிம்பிக் சங்கம் ஏன் வக்கீல் வைக்கவில்லை?’ அந்த ஒரு பத்தி அன்று ஒரு உயிருக்குப் பிடிமானமாக இருந்திருக்கும். 2007இல் சாந்தி தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். தெரியாமை இங்கே தொழில் குறைபாடு என்ற அளவோடு நிற்கவில்லை. அது ஒரு வன்முறையாக வேலை செய்தது.

இவ்வளவுக்கும் அவர் ஓய்ந்துவிடவில்லை. முதலமைச்சராக இருந்த கலைஞர் கொடுத்த 15 லட்ச ரூபாயை வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பணம் தீர்ந்தது. 2012இல் அவர் சூளையில் நாள் கூலி 200 ரூபாய்க்கு நிற்பது செய்தியானபோதுதான் பத்திரிகைகள் திரும்பி வந்தன. அதாவது ஏழ்மைக் கதை மறுபடி கிடைத்தபோது. அதன் பிறகு பயிற்சியாளர் பட்டயம் படித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். நடுவில் 2009இல் தென் ஆப்பிரிக்காவின் கேஸ்டர் செமன்யாவுக்கு இதே சோதனை வந்தபோது அந்த நாடே எழுந்து நின்றது. 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த் தடுக்கப்பட்டபோது அவருக்கு ஆய்வாளர்கள், வக்கீல்கள் துணை நின்றார்கள். 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. சாந்திக்கு நின்றவர்கள் எத்தனை பேர்? அவருடைய பதக்கம் இன்னமும் திரும்பவில்லை.

4

பத்திரிகை தன் பக்கங்களைப் பிரிக்கும் விதத்திலேயே ஒரு சாதி ஒழுங்கு இருக்கிறது. ஊரும் சேரியும் மாதிரி. வந்தனா கட்டாரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரகாண்டில் ஹரித்வார் பக்கத்து ரோஷனாபாத் கிராமம். 2021 ஜூலை 31இல் டோக்கியோ ஒலிம்பிக்சில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அது விளையாட்டுப் பக்கம். ஆகஸ்ட் 4இல் அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றதும் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதி இளைஞர்கள் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று ஏசினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அது குற்றச் செய்திப் பக்கம். கோல் அடித்தவளும் ஏச்சுக் கேட்டவளும் ஒரே மனுசி. நாலே நாள் இடைவெளி. அவளை இரண்டாகக் கிழித்து இரண்டு பக்கத்தில் போடும்போது ஹாக்கி மைதானத்தில் சாதி இல்லை என்ற பொய் பத்திரமாகக் காப்பாற்றப்படுகிறது. இந்தக் கிழிசலைத் தைத்து ஒரே கட்டுரையாக எழுதுவதற்கு விளையாட்டும் தெரிந்த, சாதியும் தெரிந்த ஆள் வேண்டும்.

2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியின் துணைத்தலைவி கார்த்திகா சென்னைக் கண்ணகி நகர்ப் பிள்ளை. கண்ணகி நகர் என்ற பெயரை அதுவரை பத்திரிகைகள் எந்தப் பக்கத்தில் போட்டன என்று நமக்குத் தெரியும். நகரத்துக்கு நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து ஊருக்கு வெளியே கொட்டப்பட்ட ஜனங்களின் குடியிருப்பு. போலீஸ் செய்தியில்தான் அது அச்சாகும். ஒரு பிள்ளை ரைடு போய் அந்தப் பெயரைப் பக்கம் மாற்றி வைத்தாள். ஆனால் அங்கேயும் எழுத்து உடனே ‘சேற்றில் முளைத்த செந்தாமரை’ பாணிக்குப் போகிறது. சேறு என்று யாரைச் சொல்கிறீர்கள்? அவளை வளர்த்த தெருவையா? அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தால் இந்த உவமை பேனாவில் வந்திருக்காது.

5

செய்தியறையில் நாம் எத்தனை பேர்? 1996 நவம்பரில் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலை அலசினார். ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2006இல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித், ஆதிவாசி ஒருவர்கூட இல்லை. இவை மொத்தச் செய்தியறையின் கணக்கு. அதில் விளையாட்டுப் பிரிவு, அதில் பெண், அதில் தலித் பெண் என்று பிரித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம்?

‘எழுதுறவங்க சாதி என்னத்துக்கு, திறமை போதாதா?’ என்று முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். பிறப்பு மட்டுமே பார்வையைத் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கார்பர் வெள்ளைக்காரிதான், கறுப்பர் மைதானத்துக்குத் தினமும் போனதால் அவருக்கு அது தெரிந்தது. எங்கே போய் நிற்கிறாய் என்பதே முதல் தகுதி. ஆனால் அதையும் முழுசாகச் சொல்ல வேண்டும். கார்பருக்கு முன்பே கறுப்பர் பத்திரிகைகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. 1947இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்துப் பேஸ்பாலின் பெரிய அணிக்குள் நுழைந்தபோது, அவரோடு ஊர் ஊராகப் போய் எழுதியவர் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் வார இதழின் வென்டல் ஸ்மித். நிருபர் மாடத்தில் கறுப்பருக்கு இடமில்லை என்பதால் பார்வையாளர்களோடு உட்கார்ந்து தட்டச்சு செய்தவர். இன்னொருவர் சாம் லேசி; 1948இல் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் கறுப்பர். ஆட்டக்காரனும் எழுத்துக்காரனும் ஒரே தெருவிலிருந்து கிளம்பினார்கள். அதனால்தான் ராபின்சனுக்கு நடந்தது அடித்தளமுள்ள வரலாறாக நிற்கிறது. நம் பக்கத்தில் பல்வாங்கர் பாலு இருந்தார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த தலித் பந்துவீச்சாளர். சாதியைச் சொல்லித் தலைமை மறுக்கப்பட்டவர். அவருக்கு ஒரு வென்டல் ஸ்மித் இல்லை.

நமக்கென்று பத்திரிகை மரபு இல்லாமலில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920இல் பாபாசாகேப் ‘மூக்நாயக்’ கொண்டுவந்தார். வாயில்லாதவர்களின் தலைவன் என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த மரபில் வந்த இன்றைய தலித் இதழ்கள் கவிதைக்கும் கதைக்கும் தன்வரலாற்றுக்கும் இடம் தருகின்றன. நம் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு? கபடிக்கு? விளையாட்டு என்றால் பொழுதுபோக்கு, அரசியல் இல்லை என்ற படித்தவர்களின் மனோபாவம் இங்கேயும் வேலை செய்கிறது. உடம்பே மூலதனமாக இருக்கிற சனத்தின் இலக்கியத்தில் அந்த உடம்பு வலியோடு மட்டும் வருவது ஏன்? வேகத்தோடு வரக் கூடாதா?

முடியாத காரியத்தைச் சொல்லவில்லை. 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், ‘கபர் லஹரியா’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஆசிரியர், நிருபர் என எல்லாம் அவர்களே. பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு படம்பிடிக்கப் போனார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. தண்ணீர், ரோடு, வன்கொடுமை எழுத முடிந்த பெண்களுக்கு 800 மீட்டர் எழுத முடியாதா?

அவசரமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலக அளவிலான போட்டிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 1990களில் கைவிட்டதை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். இனி எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் அந்தக் கடுதாசி வரலாம். அப்போது அவள் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்கப் போவது யார்? ‘ஆணா பெண்ணா’ என்று கேட்கிற மைக்கா? அல்லது அவளைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்த, விதி தெரிந்த, பட்டினோவையும் சாந்தியையும் தெரிந்த ஒருத்தியா?

ஆகையால் கோரிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். நாளிதழ்கள் பெண்கள் விளையாட்டுக்கென்று சம்பளமுள்ள நிருபரை மாவட்டத்துக்கு ஒருவராவது வைக்கட்டும். பகுதிநேர நிருபருக்குப் பஸ் காசாவது கொடுக்கட்டும். அவர்கள் செய்யும்வரை நம் இதழ்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இதழுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். படிக்கிற நம் பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பி எழுதச் சொல்வோம். எழுதுகிறவர்களுக்கு மூன்றே விதி. ஆடியவர் பெயர் முதல் வரியில் வர வேண்டும், ஊர்ப் பெயரோடு. நேரம், புள்ளி, தூரம் சரியாக வர வேண்டும்; 2 நிமிடம் 3.16 விநாடி என்பதுதான் மரியாதை, ‘ஏழை வீட்டுப் பெண்’ என்பது இல்லை. துவக்கி வைத்தவர் பெயர் கடைசி வரியில், இடம் மிச்சமிருந்தால்.